நூலாசிரியரின் உரிமையும் நமது அமானிதமும்

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃது.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! எனக்கும் உங்களுக்கும் தக்வாவை உபதேசித்தவனாக இந்த உரையை ஆரம்பிக்கிறேன்.

ஹராமான சம்பாத்தியம் என்றதும் வட்டி, லஞ்சம், எடை மோசடி ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். கடைக்குப் போய் ஒரு கிதாபைக் காசு கொடுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு வர எந்த முஃமினும் துணியமாட்டார். ஆனால் அதே கிதாபை யாரோ ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், "ஜஸாகல்லாஹு கைரா" என்று பதில் எழுதி இறக்கிக்கொள்கிறோம். நன்மை என்று எண்ணி இன்னும் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறோம். இது உண்மையில் நன்மைதானா என்பதை இன்று பார்ப்போம்.

உழைப்பும் கூலியும்

மறுமையில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறியதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அவர்களில் ஒருவன், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன் (புகாரி 2227).

"அந்த ஆசிரியரை நான் வேலைக்கு அமர்த்தவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் ஸூரா அந்நிஸாவின் 29ஆம் வசனம், பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதைத் தடுத்து, இருவரும் மனம் பொருந்திய வியாபாரத்தை மட்டுமே அனுமதிக்கிறது. பல ஆண்டுகள் உழைத்து எழுதியவர் அந்தப் பயனுக்கு ஒரு விலை வைத்திருக்கிறார். விலையைக் கொடுக்காமல் பயனை மட்டும் எடுத்துக்கொள்வதில் அவருடைய மனப்பொருத்தம் எங்கே இருக்கிறது?

"பிரதி எடுத்தால் அவரிடம் என்ன குறைந்துவிட்டது?" என்பது அடுத்த கேள்வி. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன்வாசிகளிடம், மக்களின் பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார்கள் (7:85). ஒரு பொருளின் மதிப்பைக் குறைப்பதும் இதில் அடங்கும். நூல் இலவசமாகப் பரவிய பிறகு அச்சிட்ட பிரதிகள் விற்காமல் கட்டுக்கட்டாகத் தேங்கினால், குறைந்தது அந்த மதிப்புதான்.

அறிவுக்கு விலை வைக்கலாமா?

மார்க்க அறிவை மறைப்பவருக்குக் கடுமையான எச்சரிக்கை வந்திருக்கிறது. ஆனால் மறைப்பது வேறு. உழைப்புக்கு ஈடு பெறுவது வேறு. மஹராகக் கொடுக்க இரும்பு மோதிரம்கூட இல்லாத ஒரு ஸஹாபிக்கு, அவருக்குத் தெரிந்த குர்ஆனையே காரணமாக வைத்து நபியவர்கள் மணமுடித்து வைத்தார்கள் (புகாரி 5029). ஓதிப்பார்த்த ஸஹாபாக்கள் பெற்ற ஆடுகளையும் அவர்கள் அங்கீகரித்தார்கள் (புகாரி 5737). தாபிஈன்களில் ஒருவரான மாலிக் பின் தீனார் (ரஹ்) அவர்கள் முஸ்ஹஃப் எழுதிக் கிடைத்த கூலியில்தான் வாழ்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு பிரதி எடுக்கப் பல வாரங்கள் எழுத வேண்டும். எழுதுபவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். இன்று ஒரு நொடியில் ஆயிரம் பிரதிகள். அதனால்தான் துணைக்கண்டத்தின் முந்தைய ஹனஃபி உலமாக்கள் சிலர் பதிப்புரிமையை விற்கத்தக்க ஒன்றாகக் கருதாதபோதும், முஃப்தி தகீ உஸ்மானி போன்ற பின்வந்தவர்கள் அதை ஏற்றார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், நூலாக்க உரிமை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமை, அதில் அத்துமீறக் கூடாது என்று தன் 43ஆம் தீர்மானத்தில் அறிவித்தது.

பிறர் பொருளில் ஸதகாவா?

"ஸதகத்துல் ஜாரியாவாகப் பகிர்கிறேன்" என்கிறோம். மோசடிப் பொருளிலிருந்து கொடுக்கும் தர்மத்தை அல்லாஹ் ஏற்பதில்லை என்று நபிமொழி சொல்கிறது (முஸ்லிம்). ஸதகா நம் பொருளிலிருந்து இருக்க வேண்டும். ஒரு நூலைப் பரப்பும் ஆசை உண்மையானால், ஐந்து பிரதிகளை விலைக்கு வாங்கி அன்பளிப்பாகக் கொடுங்கள். அது சந்தேகமில்லாத நன்மை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நிலைக்கிறது. அது வாரிசுகளைச் சேரும். அந்த வாரிசுகளில் விதவையும் அநாதைக் குழந்தைகளும் இருக்கலாம். அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கையை (4:10) நாம் அறிவோம்.

பதிப்பாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்

அநீதி வாசகரிடம் மட்டும் இல்லை. ஆசிரியருக்கு ராயல்டி தருவதாகச் சொல்லிவிட்டு, எத்தனை பிரதி அச்சடித்தோம், எத்தனை விற்றோம் என்ற கணக்கையே காட்டாத பதிப்பாளரும் இதே குற்றத்தில் இருக்கிறார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆன் ஏவுகிறது (2:282). ஆகவே ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். "தீனுடைய வேலைதானே" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைக்காதீர்கள். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒரு பி.டி.எஃப். கைக்கு வந்தால், ஆசிரியரோ பதிப்பகமோ அனுமதித்ததா என்று பாருங்கள். அவர்களே இலவசமாக வெளியிட்டிருந்தால் தாராளமாகப் படியுங்கள், பரப்புங்கள். சட்டப்படியான காலம் முடிந்த நூல்களுக்கும் தடை இல்லை. விலைக்கு வாங்கிய பிரதியை நண்பருக்குப் படிக்கக் கொடுப்பதும், சில வரிகளை ஆசிரியர் பெயருடன் மேற்கோள் காட்டுவதும் வேறு விஷயம், அதில் தவறில்லை.

வாங்க வசதியில்லாத மாணவர் ஆசிரியரிடமே கேட்டுப் பார்க்கட்டும். மனமுவந்து கொடுப்பவர்கள் அதிகம். ஒவ்வொரு மஹல்லாவும் பள்ளிவாசலில் ஒரு சிறிய நூலகம் வைத்து, ஆண்டுதோறும் சில நூல்களை விலை கொடுத்து வாங்கட்டும். வசதியற்றவரின் தேவையும் தீரும், எழுதியவரின் உரிமையும் காக்கப்படும்.

ஏற்கனவே அனுமதியின்றி எடுத்திருந்தால், அதை அழித்துவிடுங்கள். அல்லது அதற்குரிய விலையைச் செலுத்துங்கள். அல்லது உரியவரிடம் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள். தீனாரும் திர்ஹமும் இல்லாத நாள் வருமுன் இங்கேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ளுமாறு நபியவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள் (புகாரி 2449). தீர்க்காமல் விட்டால் அன்று நம் நன்மைகள்தான் விலையாகப் போகும்.

யா அல்லாஹ்! பிறர் உரிமையில் கை வைப்பதிலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் இல்மிலும் ரிஸ்கிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.