தோட்டத்துக்குக் கைத்துப்பாக்கியா?

மணிமங்கலம், படப்பை, மண்ணிவாக்கம், திருப்போரூர் என்று தாம்பரத்தைச் சுற்றி அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ வாங்கி வேலி போட்டவர்கள் நிறையப் பேர். நாலு தென்னை, ரெண்டு வரிசை மா, ஓரமாக ஒரு ஓட்டு வீடு. வாரக் கடைசியில் போய்க் களை எடுப்பார்கள், பாத்தி கட்டுவார்கள், மோட்டார் ரிப்பேர் பார்ப்பார்கள். இவர்கள் கூடிப் பேசும்போது, சில வருடங்களாக, ஒரு பேச்சு தவறாமல் வருகிறது: "இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் எவ்வளவு தெம்பாக இருக்கும்!" அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் இடுப்பு உறையில் ரிவால்வரோடு வேலி சரிசெய்கிற வீடியோக்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நம் தோட்டத்திலும் பாம்பு உண்டு, நாய் உண்டு, இருட்டும் உண்டு. ஆசை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. ஆனால் அதைத் தாங்கி நிற்கிற நம்பிக்கைகள் பெரும்பாலும் தவறு. சில, மனிதரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய தவறு.

"என் நிலம், என் வேலி. உள்ளே என்ன வைத்திருந்தால் யாருக்கென்ன?"

இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வேலியைப் பார்ப்பதில்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது ஆகிய மூன்றையுமே அதன் 3ஆம் பிரிவு தடுக்கிறது. பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தாலும் வைத்திருப்பதுதான். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாத சாதாரணத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்ததற்கே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791 முதல் அரசியலமைப்பு தரும் உரிமை. நம் நாட்டில் அது ஒருநாளும் அடிப்படை உரிமையாக இருந்ததில்லை. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. பின்னர் அந்தப் பாகுபாடு ஒழிந்தது, லைசென்ஸ் முறை எல்லோருக்கும் பொதுவாக நின்றது. அந்த வீடியோவில் பார்க்கும் வாழ்க்கை வேறொரு சட்டத்தின் கீழ் நடக்கிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

லைசென்ஸ் யார் தருவது? 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. ஆணையர் உள்ள பகுதியில் அவரே உரிமம் வழங்கும் அதிகாரி. அந்த எல்லைக்கு வெளியே மாவட்ட ஆட்சியர். மனு போட்டதும் உள்ளூர் காவல் நிலையத்தின் அறிக்கை கேட்கப்படும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கட்டாயமாக்கின. உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான தேவை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நிலம் இருக்கிறது என்பதே போதுமான காரணம் என்று நினைக்கிறார்கள். சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்வது உண்மை. சொத்து இருப்பதாலேயே கொடுத்தாக வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

"விவசாயிக்குப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் உண்டே" என்பார்கள். உண்டு. ஆனால் ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று குறிப்பிடப்படுவது குழல் வாய்வழியாக மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி. இடுப்பில் செருகும் பிஸ்டலுக்கு அது வழியில்லை. அதைவிட முக்கியம், துப்பாக்கி லைசென்ஸ் ஒன்று, விலங்கைச் சுட அனுமதி வேறொன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. காட்டுப்பன்றியால் பயிர் அழிகிறது என்ற குரல் தமிழகம் முழுக்க நியாயமாகவே எழுந்தது. அதன் பேரில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினரே செய்வார்கள். தோட்டக்காரர் சுடுவதற்கு இதில் எங்கும் இடமில்லை. வண்டலூர் காப்புக்காட்டை ஒட்டி மனை வாங்கியவர்கள் தங்கள் வேலியிலிருந்து காட்டு எல்லை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஏர் கன் விஷயமும் இப்படித்தான். விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இல்லாத, 0.177 அங்குலக் குழல் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதை வைத்துக்கொண்டு கொக்கையும் குயிலையும் குரங்கையும் சுடலாம் என்பது லைசென்ஸ் விலக்கோடு தானாக ஒட்டிக்கொண்ட கற்பனை. வனவிலங்குச் சட்டத்துக்குச் சுட்ட கருவி எது என்பது ஒரு பொருட்டல்ல. நாய்க்கும் பாதுகாப்பு உண்டு. விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம்.

"பாம்பு வந்தால் என்ன செய்வது?"

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள், வயலில் வேலை செய்கிறவர்கள். பயம் பொய்யில்லை. துப்பாக்கி அந்தப் பயத்துக்கு மருந்தாகும் என்பதுதான் பொய்.

கடி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தென்னை மட்டைக் குவியலுக்குள் கை விடும்போது, வரப்பில் வெறுங்காலோடு நடக்கும்போது, இருட்டில் மோட்டார் ஷெட்டுக்குப் போகும்போது. அதாவது பாம்பைப் பார்க்காதபோது. பார்க்காத பாம்பை எந்தத் துப்பாக்கியாலும் சுட முடியாது. பார்த்துவிட்ட பாம்பிடமிருந்து நாலு அடி பின்னால் போனாலே போதும். கட்டுவிரியனோ இரவில் தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல நேரம் கடி வலிப்பதே இல்லை. மீறிச் சுட்டாலும் குறி ஒரு கட்டைவிரல் அளவுள்ள தலை, அதுவும் அசைகிற தலை, நம் கால்களுக்குப் பக்கத்தில். பல்லாவரம், பரங்கிமலை, பம்மல் பக்கத்துப் பாறை உலகப் புவியியலாளர்கள் அறிந்த சார்னோகைட். இந்த வட்டாரத்து நிலத்தில் மண்ணுக்கு அரை அடி கீழே அப்படிப்பட்ட கல் கிடக்கலாம். கல்லில் பட்ட தோட்டா எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சுட்டவருக்கே தெரியாது.

பாம்பை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. ஒரு கம்பி, ஒரு துணிப்பை, கூர்ந்த கண். அவ்வளவுதான் அவர்கள் கருவிகள். திருப்போரூர் பக்கத்துச் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி வனவிலங்குகளை அழித்தபோது, அங்குள்ளவர்கள் இவர்களைத்தான் வரவழைத்தார்கள். சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். துப்பாக்கிக்குப் பஞ்சமே இல்லாத நாடு அது. அங்கும் தேவைப்பட்டது தடம் பார்க்கத் தெரிந்த கண். நம் இளைஞர்கள் அந்த நாட்டு வீடியோவைப் பார்த்து ரிவால்வருக்கு ஏங்குவதற்கு முன், இருபது முப்பது கிலோமீட்டரில் இருக்கிற சென்னேரிக்காரர்களை நினைக்க வேண்டும் என்பது என் ஆற்றாமை.

முதலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் பெருங்களத்தூர்-நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடந்த காட்சியை ஊரே பார்த்தது. அது சதுப்புநில முதலை. இந்தப் பக்கத்து ஏரிகளில் அந்த இனம் இருக்கிறது. மனிதரைக் கண்டால் விலகும் கூச்ச சுபாவம் உள்ளது என்று வனத்துறை அப்போதே விளக்கியது. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. ஏரிக் கரையில் இருட்டில் கால் கழுவாமல் இருப்பதும், கண்டால் வனத்துறைக்குச் சொல்வதும்தான் செய்யக்கூடியது.

"அத்துமீறி உள்ளே வந்தவனைச் சுடலாம், தற்காப்பு."

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. உயிர் போகும் என்றோ கொடுங்காயம் வரும் என்றோ நியாயமான அச்சம் இருந்தால் உரிமை விரிவானது. கொள்ளை, இரவில் வீடு புகுதல் போன்றவற்றிலும் சட்டம் துணை நிற்கிறது. ஆனால் தேங்காய் பறிக்க வேலி தாண்டியவனும், மோட்டார் ஒயரை அறுக்க வந்தவனும், அதனாலேயே சாவுக்குரியவர்கள் ஆகிவிடுவதில்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையை அழைக்க நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே எழாது. ஆடு தேடி வந்த பக்கத்து ஊர்ப் பையனை இருட்டில் திருடன் என்று நினைப்பது எவ்வளவு எளிது! அவன் கையில் இருப்பது கத்தியா செல்போனா என்று அந்த ஒரு நொடியில் யாருக்குத் தெரியும்?

கைத்துப்பாக்கியால் சுடப்படுவது திருடன்தான் என்ற எண்ணமும் சரியில்லை. தென்சென்னைப் பக்கத்தில் தோட்ட வீடு ஒன்றில் கைத்துப்பாக்கி வெடித்த மிகப் பெரிய சம்பவம் 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடந்தது. எம்.ஜி.ஆரைச் சுட்டவர் வேலி தாண்டி வந்தவரல்ல. வாசல் வழியாக வந்து உட்கார்ந்து பேசிய சக நடிகர் எம்.ஆர். ராதா. இருவருக்கும் காயம், இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவேயில்லை. பேச்சு முற்றும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், தெரிந்தவர்களுக்குள்ளேயே அது வெடிக்கும்.

தோட்டா வேலியோடு நிற்கும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, தளத்துக்கு வெகுதொலைவில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. நான்கு நாளில் அந்தக் குழந்தை இறந்தது. அங்கே பயிற்சி பெற்ற வீரர்கள் இருந்தார்கள், சுடுவதற்கென்றே தளம் இருந்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவும் சாய்வாக மேல்நோக்கிப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் விழலாம். மனைப்பிரிவுகளும் அபார்ட்மென்ட்களும் நெருங்கிவிட்ட கூடுவாஞ்சேரியில் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை மொட்டை மாடி!

இனி வேலையையே எடுத்துக்கொள்வோம். தோட்ட வேலை குனிந்து நிமிரும் வேலை. மண்வெட்டி பிடித்து, தொட்டிக்குள் இறங்கி, ஏணியில் ஏறி, புல்வெட்டும் இயந்திரத்தின் பட்டையைத் தோளில் மாட்டிச் செய்கிற வேலை. உறையிலிருந்து துப்பாக்கி நழுவ இதைவிட வசதியான சூழல் கிடையாது. சில பழைய வடிவமைப்பு ரிவால்வர்கள் கீழே விழுந்தாலே வெடிக்கும். வியர்வையும் சேறும் இரும்பை அரிக்கும். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி வரப்பில் வைத்தால், அங்கே வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

வாட்ச்மேன் என்றதும் இன்னொரு தவறு நினைவுக்கு வருகிறது. "லைசென்ஸ் என் பெயரில், துப்பாக்கி காவல்காரர் கையில்" என்று சிலர் ஏற்பாடு செய்துகொள்ள நினைக்கிறார்கள். உரிமம் ஆளுக்கு உரியது. உரிமத்தில் காவலாளாக முறைப்படி பெயர் சேர்க்கப்படாதவர் அதைத் தூக்கினால், அவரும் குற்றவாளி, கொடுத்தவரும் குற்றவாளி. மாதச் சம்பளத்துக்கு இருக்கிற ஒரு ஏழைக் குடும்பத்தை இதில் மாட்டிவிடுவது பெரிய பாவம். அப்பாவின் துப்பாக்கி மகனுக்குத் தானாக வருவதும் இல்லை. வாரிசு தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் உரிமம் பெற்றவர்களும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

தோட்டத்துக்குப் போகிறவர் வாங்க வேண்டியவை வேறு. முழங்கால் வரை வரும் கம்பூட். தடித்த கையுறை. நல்ல வெளிச்சமுள்ள டார்ச். தரையைத் தட்டிக்கொண்டே நடக்க நீளமான கழி. மட்டைக் குவியலை வீட்டுச் சுவரோடு சேர்த்து வைக்காதீர்கள். எலி வந்தால் பாம்பும் வரும். இரவு தங்கினால் கட்டிலும் கொசுவலையும் வேண்டும். மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108ஐ அழைக்க வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக் கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. இனி ஒவ்வொரு கடியும் மருத்துவமனைகளிலிருந்து அரசின் பதிவுக்குப் போக வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு மிக அருகில் எந்த அரசு மருத்துவமனையில் அந்த மருந்து இரவிலும் கிடைக்கும் என்று நேரில் போய்க் கேட்டு, அந்தப் பெயரையும் எண்ணையும் மோட்டார் ஷெட் கதவில் பெரிதாக எழுதி வையுங்கள். வாட்ச்மேனின் மனைவிக்கும் அதை வாசித்துக் காட்டுங்கள், பகலில் அங்கே இருப்பது அவர்தான்.