ஒரு சிறு கணக்கும் முடிவில்லா ஓவியமும்



தோட்டப்புறத்தைச் சேர்ந்த தாயார் ஒருவர் ஒருநாள் எம்மை நாடி வந்தார். "ஐயா, என் மகன் கணினியில் ஏதோ கோலம் போன்ற படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இது படிப்பா, விளையாட்டா?" என்று வினவினார். நியாயமான வினா அது. அதற்குரிய விடையை இக்கட்டுரையின் இறுதியில் காண்போம். அச்சிறுவன் பார்த்தது யாது என்பதை முதலில் அறிந்து கொள்வோம்.

பெரணி கற்பிக்கும் பாடம்

செம்பனை மரத்தின் தண்டிலே படர்ந்திருக்கும் பெரணிச் செடியை நீங்கள் கண்டிருப்பீர்கள். நன்கு பிளவுபட்ட இலையுடைய பெரணி ஒன்றை எடுத்து உற்று நோக்குங்கள். முழு இலையின் வடிவம் எவ்வாறு உள்ளதோ, அவ்வாறே அதன் கிளை இலையும் காணப்படும். கிளையின் கிளையும் ஏறத்தாழ அவ்வடிவமே. பகுதி முழுமையை ஒத்திருக்கும் இத்தகைய வடிவங்களுக்கு 1975ஆம் ஆண்டில் 'ஃபிராக்டல்' என்று பெயரிட்டவர் பெனுவா மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர். தமிழில் இதனைப் 'பகுவல்' என்பர்.

மாண்டல்பிராட் 1924ஆம் ஆண்டு போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தார். இளமையிலேயே குடும்பத்துடன் பிரான்சு நாட்டிற்குக் குடிபெயர்ந்தார். பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றினார். 1980ஆம் ஆண்டில், அங்கிருந்த கணினிகளின் துணைகொண்டு வியத்தகு வடிவம் ஒன்றை வரைந்து ஆராய்ந்தார். அஃது இன்று 'மாண்டல்பிராட் கணம்' என அழைக்கப்படுகிறது. அவர் 2010ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் காட்டிய ஓவியமோ உலகெங்கும் பரவி நிற்கிறது.

கணக்கு இதுதான்

இவ்வோவியத்தின் வேர் ஒரு சிறு கணக்கே ஆகும். ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் 'க' எனப் பெயரிடுங்கள். சுழியத்திலிருந்து தொடங்குங்கள். கையிலுள்ள எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையுடன் 'க'வைக் கூட்டுங்கள். கிடைத்த விடையைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்யுங்கள்.

'க' 1 ஆயின், 1, 2, 5, 26, 677 என விடைகள் விரைந்து பெருகி ஓடிவிடும். 'க' −1 ஆயின், −1, 0, −1, 0 என ஓரிடத்திலேயே ஊசலாடும். ஓடிவிடும் எண் கணத்திற்கு வெளியே உள்ளது. ஓடாமல் அடங்கி நிற்கும் எண் கணத்திற்கு உள்ளே உள்ளது. விடை 2ஐத் தாண்டிவிட்டால் அது திரும்ப வாராது என்பது நிறுவப்பட்ட உண்மை. எனவே 2ஐத் தாண்டியவுடன் கணக்கை நிறுத்திவிடலாம்.

இனி 0.3ஐ எடுத்துக் கொள்வோம். 0.3, 0.39, 0.4521 என விடைகள் மெல்ல நகர்கின்றன. அடங்கிவிடும் போலத் தோன்றுகிறது. ஆயினும் பொறுமையுடன் தொடர்ந்தால், 12ஆம் படியில் 2ஐத் தாண்டிவிடுவதைக் காணலாம். 0.25 என்னும் எண் என்றுமே தாண்டாது, அதுவே எல்லை. 0.26 தாண்டுவதற்கு ஏறத்தாழ 30 படிகள் வேண்டும், 0.2501 தாண்டுவதற்கு ஏறத்தாழ 312 படிகள், 0.250001 தாண்டுவதற்கு ஏறத்தாழ 3,140 படிகள். இவ்வெண்களை உற்று நோக்குங்கள். வட்டத்தின் பாடத்தில் நாம் கற்கும் 3.14 இங்கே எட்டிப் பார்க்கிறதன்றோ? 1991ஆம் ஆண்டில் டேவ் போல் என்னும் ஆராய்ச்சி மாணவர், கணினியில் படிகளை எண்ணியபோது இப்புதுமையைக் கண்டறிந்தார்.

வீட்டிற்கு வந்த ஓவியம்

கணினித் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடையாக ஓர் எண்ணும் நெடுக்காக ஓர் எண்ணும் உண்டு. இவ்விரண்டையும் இணைத்துப் பெருக்கும் முறையை மேல்வகுப்பில் கற்பீர்கள். அடங்கி நிற்கும் புள்ளிக்குக் கறுப்பு நிறமும், ஓடிவிடும் புள்ளிக்கு அது எத்தனையாம் படியில் ஓடியது என்பதற்கேற்ப வேறொரு நிறமும் தீட்டினால் ஓவியம் பிறக்கும்.

1985ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் டியூட்னி என்பவர் இக்கணக்கை எளிமையாக விளக்கினார். அதனைப் படித்த பலரும் தத்தம் வீட்டுக் கணினிகளில் வரைய முற்பட்டனர். அஃது எளிய வேலையன்று. அகலத்தில் 320, உயரத்தில் 200 எனப் புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 64,000 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் 1,000 படிகள் செய்ய நேர்ந்தால், 6 கோடியே 40 இலட்சம் படிகள் ஆகும். அக்காலக் கணினிகள் மெதுவாகவே இயங்கின. ஆதலின் இரவில் கணக்கைத் தொடங்கி வைத்துவிட்டுப் படத்திற்காகக் காலைவரை காத்திருந்தோர் பலர். 1988ஆம் ஆண்டில் தோன்றிய 'ஃபிராக்ட்இன்ட்' என்னும் மென்பொருள், தசம எண்களை முழு எண்களாக மாற்றிக் கணக்கிட்டு வேகத்தைக் கூட்டியது.

ஆழம் செல்லச் செல்ல

கணத்தின் விளிம்பை எத்தனை முறை பெரிதாக்கினாலும் புதிய சுருள்களும் கிளைகளும் தோன்றிக்கொண்டே இருக்கும். இடையிடையே முழு ஓவியத்தையே ஒத்த சிறு ஓவியமும் வெளிப்படும். ஆயினும், கணினிக்கு ஒரு குறை உண்டு. 8 இலக்கங்கள் மட்டுமே காட்டும் கணிப்பானில் 12345678 உடன் 0.1ஐக் கூட்டிப் பாருங்கள். 12345678 என்றே விடை வரும். கூட்டிய எண் தொலைந்து போயிற்று! கணினியும் வழக்கமான முறையில் 15 அல்லது 16 இலக்கங்களையே காத்து வைக்கும். எனவே ஏறத்தாழ 10 இலட்சம் கோடி மடங்கு பெரிதாக்கிய பின், அடுத்தடுத்த புள்ளிகளை வேறுபடுத்த இயலாமல் படம் கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள படத்தை அத்தனை மடங்கு பெரிதாக்கினால், அதன் அகலம் 250 கோடி கிலோமீட்டர் ஆகும். இது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் 16 மடங்கிற்கும் மேலானது.

மேலும் ஆழம் செல்ல, நூற்றுக்கணக்கான இலக்கங்களைக் கொண்டு கணக்கிட வேண்டும். எல்லாப் புள்ளிகளுக்கும் அவ்வாறு செய்தால் காலம் மிக நீளும். 2013ஆம் ஆண்டில் கே. ஐ. மார்ட்டின் என்பவர் நல்லதொரு வழியைக் காட்டினார். ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் எல்லா இலக்கங்களுடனும் கணக்கிடுதல். அண்டையிலுள்ள புள்ளிகளுக்கு அதிலிருந்து உள்ள வேறுபாட்டை மட்டும் கணக்கிடுதல் என்பதே அவ்வழி. 100ஐ 100ஆல் பெருக்கினால் 10,000 என்று அறிவோம். 103ஐ 103ஆல் பெருக்க வேண்டுமாயின், கூடுதலாக வரும் 600ஐயும் 9ஐயும் சேர்த்தால் போதும், 10,609 கிடைத்துவிடும். வேறுபாடு சிறிய எண்ணாதலால் அதற்குச் சில இலக்கங்களே போதுமானவை. இம்முறையால், 1ஐ அடுத்து ஆயிரம் சுழியங்கள் கொண்ட எண்ணின் மடங்கிற்கும் இன்று வீட்டுக் கணினியிலேயே பெரிதாக்கிக் காண முடிகிறது. எனினும், அண்டைப் புள்ளி தன் வழிகாட்டிப் புள்ளியைவிட்டு வெகுவாக விலகிச் சென்றால் படத்தில் தவறான திட்டுகள் தோன்றும். அப்பகுதிக்கு வேறொரு வழிகாட்டிப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

தாயாருக்கு உரைத்த விடை

மாணவர்களே, கணினி காட்டுவது யாவும் உண்மையென்று நம்பிவிடலாகாது. 100 படிகளோடு நிறுத்திவிடுமாறு கட்டளையிட்டால், 312 படிகளுக்குப் பின் ஓடும் 0.2501ஐயும் அது கறுப்பாகவே காட்டும். பிழை எண்ணினுடையதன்று, பொறுமையின்றி நிறுத்தியவருடையதே ஆகும்.

அத்தாயாருக்கு யாம் கூறியது இதுவே: "அம்மா, உங்கள் மகனை மூன்று வினாக்கள் கேளுங்கள். இப்படம் எந்தக் கணக்கால் வந்தது? எத்தனை படிகளோடு நிறுத்தினாய்? இது சரியென்று எவ்வாறு அறிவாய்? அவன் தாளில் எழுதிக் காட்டினால், அது படிப்பு. வாய்மூடி நின்றால், அதுவரை அது வேடிக்கையே."

மறுவாரம் அவர் மீண்டும் வந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. 0.3இல் தொடங்கிய கணக்கு 12 வரிகளில் எழுதப்பட்டிருந்தது. ஏழாம் வரியில் இருந்த பிழையை அடித்துத் திருத்தியிருந்தான் சிறுவன். "இதை நானும் கூடவே கூட்டிப் பார்த்தேன் ஐயா" என்றார் தாயார்.

வீட்டில் கணினி இல்லையே என வருந்த வேண்டா. தாளும் எழுதுகோலும் போதும், கணக்கு ஒன்றுதான்.

பயிற்சி

1. 'க' −2 ஆயின் விடைகள் ஓடுமா, அடங்குமா?
2. 'க' 0.5 ஆயின் எத்தனையாம் படியில் விடை 2ஐத் தாண்டும்?
3. 100 பெருக்கல் 100 என்பதைக் கொண்டு, 104 பெருக்கல் 104 என்பதன் விடையைக் காண்க.