முகாம் முடிந்த மறுநாள்

ஓசூர் சிப்காட்டிலோ ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கமோ ஆலை நடத்துகிறவர்களுக்கு மருத்துவ முகாம் எப்படிப் போடுவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியதே இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். 2024-இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தபின், பிரஷரும் சுகரும் பார்க்கப் பணியிடத்துக்கே ஆட்கள் வருகிறார்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசித் தேதி வாங்குங்கள். முகாம் வேலை அதோடு முடிந்தது. ஆலையின் நலத் திட்டம் சரிவது முகாமுக்கு மறுநாள்தான்.

யோகா வகுப்பு, நடைப் போட்டி, பரிசுக் கூப்பன் என்று தொடங்க நினைப்பவர்கள் இரண்டு ஆய்வுகளை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர்களிடம் குலுக்கல் முறையில் ஆளைப் பிரித்து ஒரு நலத் திட்டத்தைச் சோதித்தார்கள். தாமாக வந்து சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள். ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தில் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து நடந்த மற்றோர் ஆய்வு 2019-இல் வெளியானது. உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடினார்கள். ஆனால் 18 மாதம் கழித்தும் ரத்த அழுத்தம், கொழுப்பு, விடுப்பு நாட்கள், மருத்துவச் செலவு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அங்கேயே பலிக்கவில்லை, நமக்கு எதற்கு என்று இதைக் காட்டித் திட்டத்தையே கைவிடச் சொல்வார்கள். அந்த ஆய்வுகள் தொழிலாளியின் பழக்கத்தை மாற்றப் பார்த்த திட்டங்களைப் பற்றியவை. நாம் மாற்ற வேண்டியது வேலையின் ஏற்பாட்டை, அதுவும் முதலில் மாத்திரை தொடர்ந்து கிடைக்கும் வழியை.

பிரஷர் 160 என்று சீட்டு வாங்கியவர் அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்று பாருங்கள். கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தால் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு உண்டு, அதில் தவறும் இல்லை. ஆகவே முடிவுகள் எச்.ஆர். கைக்கு வரவே கூடாது. சீட்டு அவரவர் கையில் போகட்டும். நிர்வாகத்துக்கு மொத்த எண்ணிக்கை மட்டும் போதும். இதை முகாமுக்கு முன்பே தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று உங்கள் ஷாப் ஃப்ளோரில் பேசும் எல்லா மொழியிலும் சொல்லிவிடுங்கள். கிரேன் ஓட்டுபவருக்கு வலிப்பு இருந்தால் நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். அந்த வேலைக்குத் தகுதி உண்டா இல்லையா என்று மருத்துவர் எழுதித் தந்தால் போதும், நோயின் பெயர் எதற்கு? தகுதி இல்லையென்றால் சம்பளம் குறையாமல் வேறு வேலை கொடுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முகாமில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

ஒருமுறை பார்த்த அளவை வைத்து யாரையும் நோயாளியாக்காதீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து டீ குடித்த கையோடு வந்து நிற்பவருக்குப் பிரஷர் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள், இன்னும் இரண்டு மூன்று நாள் திரும்பப் பாருங்கள். அப்போதும் 140/90-க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, மருந்தும் இலவசம். ஆனால் டிஸ்பென்சரி திறந்திருக்கும் நேரத்தில் அவர் லைனில் நிற்கிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீடு தேடி மாத்திரை வரும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸில் இருக்கிறார். மாத்திரை விட்டுப்போவது இப்படித்தான், அலட்சியத்தால் அல்ல. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் சம்பளத்தோடு விடுங்கள், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து. உற்பத்தி குறையும் என்பார்கள். குறையட்டும்; பக்கவாதத்தில் விழுந்தவரின் இடத்துக்குப் புது ஆளைப் பழக்க எத்தனை வாரம் ஆகும் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டக் காலத்து விதி. அந்த அறையிலேயே மாதம் ஒருநாள் பிரஷர் பார்த்து மாத்திரை தர மருத்துவரை வரவழைத்தால் இன்னும் நல்லது.

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மெஷினில் நிற்பது ஆபத்து. சில மாத்திரைகளில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். நைட் ஷிப்டுக்கு கேன்டீனில் நேரத்தோடு சாப்பாடு கிடைக்க வேண்டும். பஃப்ஸும் டீயும் சாப்பாடு ஆகாது. மாத்திரை எந்த வேளைக்கு என்பதை ஷிப்ட் மாறும்போதெல்லாம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்களைப் பற்றி எந்த நலத் திட்ட அறிக்கையும் போதிய அளவு பேசுவதில்லை. எழுந்து போனால் லைன் நின்றுவிடும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள், சிறுநீர்த் தொற்று வருகிறது. ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று போஸ்டர் ஒட்டுவதில் பயனில்லை. லைனுக்கு ஒரு மாற்று ஆள் போடுங்கள், கேள்வி கேட்காமல் போய்வர விடுங்கள்.

கடைசியாக, கணக்கு. முகாமுக்கு வந்தவர்களை எண்ணி மேலிடத்துக்கு அனுப்பாதீர்கள். பிரஷர் அதிகம் என்று கண்டவர்களில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் 140/90-க்குக் கீழே வந்திருக்கிறார்கள் என்று மருத்துவரிடம் எண்ணிக்கையாக மட்டும் கேளுங்கள். முதல் ஆண்டில் அந்த எண் சிறியதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மாதாமாதம் சம்பளத்தோடு அந்த இரண்டு மணி நேரம் நிஜமாகவே கிடைத்ததா என்பதை; அதைச் சூப்பர்வைசரிடம் கேட்காமல் தொழிலாளர்களிடம் கேளுங்கள்.