ஒழுக்கின் மூலத்தைக் காணுதல்: ஐப்பசி, கார்த்திகைக்கான ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்குவதும், இரண்டொரு நாள் அடைத்துப் பெய்ததும் வீட்டின் உட்கூரையில் எங்கோ ஓரிடத்தில் பழுப்பு நிற வளையம் ஒன்று தோன்றுவதும், அதைக் கண்ட மாத்திரத்தில் வீட்டுக்காரர் கடைக்கு ஓடி, ஒழுக்கைத் தடுப்பதாகச் சொல்லப்படும் வர்ணம் ஒரு டப்பா வாங்கி வந்து அந்த வளையத்தின் மேலேயே பூசுவதும் ஆண்டுதோறும் நடக்கும் கிரமமாகிவிட்டன. சேரப்பணஞ்சேரி, படப்பை, ஒரகடம் வட்டாரத்து வாசகர்களுக்கு நாம் முதலில் சொல்ல விரும்புவது, அந்த டப்பாவை இப்போது வாங்க வேண்டாம் என்பதே. நனைந்து ஊறிய கான்கிரீட்டின் மேல் பூச்சு சரிவரப் பிடிக்காது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், சொட்டுகிற இடம் வேறு, ஜலம் நுழைகிற இடம் வேறு என்பது. மொட்டை மாடியின் ஒரு மூலையில் நுழைந்த நீர், தளத்தினுள் கம்பியைப் பற்றிக்கொண்டும், ஒயரிங்குக்காகப் பதித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் புகுந்தும் பத்தடி, பதினைந்தடி பிரயாணம் செய்து, கூடத்தின் நடுவே மின்விசிறிக் கொக்கியில் வந்து சொட்டும். கொக்கியைச் சுற்றி எவ்வளவு சிமெண்டு அப்பினாலும் அந்த மூலை அடைபடப் போவதில்லை.

விசிறியிலோ விளக்கிலோ சுவிட்ச் பெட்டியிலோ நீர் கண்டால், ஆராய்ச்சியை ஒத்திவைத்து, உலர்ந்த தரையில் செருப்புக் காலோடு நின்று மெயினை நிறுத்திவிடுங்கள். மெயின் பெட்டியே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். பூச்சு பொருமித் தொங்கும் இடத்தின் கீழ் கட்டிலோ தொட்டிலோ இருக்கலாகாது. ஜிப்சம் பலகையால் போட்ட பொய்க்கூரை நீர் தேங்கித் தொய்ந்திருக்குமானால், மின்சாரத்தை நிறுத்திய பின் ஓரமாக நின்று சிறு துவாரம் இட்டு வாளியில் வடித்துவிடுவது, பலகை முழுவதும் இற்று விழுவதைக் காட்டிலும் மேல்.

இனி, மூலத்தைக் கண்டுபிடிக்கும் உபாயத்துக்கு வருவோம். முறைக்காய்ச்சல் எந்த நேரத்தில் வருகிறது, எந்த நேரத்தில் விடுகிறது என்று கேட்டே அக்காலத்து வைத்தியர் அதன் ஜாதியை நிர்ணயித்ததுபோல, ஒழுக்கையும் அதன் நேரத்தைக் கொண்டே பெரும்பாலும் நிர்ணயித்துவிடலாம். மழை பிடித்த பத்து, பதினைந்து நிமிஷத்திற்குள் சொட்டத் தொடங்கினால் வழி திறந்து கிடக்கிறது என்று பொருள். விரிசல், ஆணித் துளை, ஜன்னல் சட்டத்தின் இடுக்கு இவற்றைத் தேட வேண்டும். பல மணி நேரம் பெய்த பிறகே தொடங்கி, மழை வெறித்த பின்னும் மறுநாள் வரை மெல்ல மெல்லக் கசிந்தால், தட்டோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலுள்ள ஜல்லித்தளம் நீரைக் குடித்து வைத்திருக்கிறது. நுழைவாய் ஓடுகளின் இணைப்புகளில் இருக்கும். பேய்மழை கொட்டும்போது மட்டும் ஒழுகி, மழை தணிந்ததும் நின்றுவிட்டால், நீர் வடியாமல் கைப்பிடிச் சுவரின் அடிமட்டத்துக்கு மேல் தேங்குகிறது. மழையே இல்லாத நாளிலும் சொட்டினால் வருணன் பேரில் பழி போட வேண்டாம். மேல்தொட்டியின் நீர்மட்டத்தை இரவில் குறித்து வைத்து, வால்வை மூடி, விடியற்காலையில் பார்த்தால் போதும்.

இப்பக்கத்துக் குடும்பங்களில் பலர் சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களாதலால், ஒழுக்கு தொடங்கிய நேரத்தை ஒருவர் கண்டு, நின்ற நேரத்தை மற்றொருவர் காண்பது சகஜம். ஆகையால் வளையத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, தேதியையும் மணியையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வளையம் எந்தப் பக்கமாக வளருகிறது என்பதை நான்கு நாள் கோடுகள் காட்டிக் கொடுக்கும். குடித்தனக்காரர்கள் வீட்டுக்காரரிடம் முறையிடுவதற்கும் இதைவிடப் பிரத்யட்சமான சாட்சியம் கிடைக்காது.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு நுழைவாயைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள் பெருகியதும், வாடகைக்கு விடும் நோக்கத்தோடு ஒரு மாடியைக் கட்டி, அடுத்த மாடியைப் பின்னால் கட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் தூண்களின் கம்பிகளை மொட்டை மாடிக்கு மேல் நீட்டி விட்டிருக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு காணப்படுகின்றன. அந்த மாடி எழும்பும் நாள் தள்ளிப் போகப் போக, கம்பியடியில் ஒழுங்காகப் பூசப்படாமல் விட்ட குழியில் ஒவ்வொரு மழையிலும் நீர் நிற்கிறது, கம்பி துருப்பிடிக்கிறது, துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவமுடையதாதலால், சுற்றிலுமுள்ள கான்கிரீட்டைப் பிளந்து விரிசலுண்டாக்குகிறது, அந்த விரிசல் வழியே இறங்கும் நீர், தூணோடு கீழே வந்து, அறை மூலையில் செங்குத்தாக ஒரு செம்பழுப்புக் கோடாக வெளிப்படுகிறது. உங்கள் வீட்டில் ஒழுக்கு அறையின் மூலையிலேயே தோன்றி, அதன் நிறமும் துருநிறமாக இருக்குமானால், ஏறிப் போய் முதலில் அக்கம்பிகளைப் பாருங்கள். இப்போதைக்குச் செய்யக்கூடியது, கெட்டியான பாலிதீன் பையைக் கம்பிக் கற்றையின் மேல் கவிழ்த்து, தூண் தலைக்குக் கீழாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதுதான். துருவைச் சுரண்டி, சிமெண்டுப் பால் தடவி, கம்பியை மூடிக் கட்டுவது கோடைக்கு உரிய வேலை.

அதே மாடியில் டிஷ் ஆன்டெனாவைப் பொருத்தியவர் போட்ட துளைகளையும், கொடிக்கம்பம் நட்ட இடத்தையும் கவனியுங்கள். பிறகு மழைநீர்க் குழாயின் வாய். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட பின் பல வீடுகளில் இக்குழாய் சேகரிப்புக் குழியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. குழியின் மணலும் ஜல்லியும் சேறேறி அடைத்துக்கொண்டால் நீர் குழாயிலேயே ஏறி நின்று, சுவரையொட்டிய இணைப்பில் பீறிட்டு, சுவருக்குள் புகும். மேலே இலைகளை அள்ளியவர்கள் கீழே குழியைத் திறந்து பார்ப்பதில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நமக்குக் கிழக்கேயுள்ள தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்ததே, அந்த 49 சென்டிமீட்டரை 1,000 சதுர அடி மாடிக்குக் கணக்கிட்டால் சுமார் 45,000 லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஏறக்குறைய நான்கு. அவ்வளவும் நாலங்குலக் குழாயின் தயவில் இறங்க வேண்டும்.

சுவரில் காணும் ஈரம் தனி விவகாரம். தரையிலிருந்து இரண்டு, மூன்றடி உயரம் வரை மட்டும் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் அது கூரை ஒழுக்கல்ல. ஏரிகள் நிரம்பி நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் இம்மாதங்களில் அஸ்திவாரம் உறிஞ்சி ஏற்றுவது. புயல் நாட்களில் மட்டும் ஒரு சுவர் நனைந்தால் சாரலே காரணம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது, மையம் நெருங்கும் வரை வடதிசையிலிருந்து வீசிய காற்று, மையம் கடந்தபின் தென்புறமாகத் திரும்பியது நினைவிருக்கலாம். எந்தச் சுவர் எப்போது நனைந்தது என்பதே விடை சொல்லும். ஈரம் வெளியிலிருந்து வருகிறதா, அறைக்காற்றின் நீராவி படிகிறதா என்று சந்தேகம் எழுந்தால், சுவரைத் துடைத்து, ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்: தாளின் உட்புறம் நனைந்தால் சுவரிலிருந்து வருவது, வெளிப்புறம் நனைந்தால் சமையலறை ஆவியும் காற்றோட்டமின்மையும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரையிட்ட லைன் வீடுகளில் விடியற்காலையில் சொட்டுவது பலசமயம் இந்த ஆவிதான். அவ்வீடுகளில் மழையொழுக்கு போல்ட்டடியில் வாஷர் நைந்த இடத்தில் காணும். பார்ப்பதற்காக ஷீட்டின் மேல் ஏறி நடப்பது பிராணாபத்து.

மழை இரண்டு நாள் வெறித்தால் பரீட்சைக்கு அதுவே தருணம். ஜன்னலோரச் சுவருக்குக் குழாயால் நீர் அடிக்கும்போது அடியிலிருந்து மேலே போக வேண்டும். முதலில் ஜன்னலின் அடிக்கட்டை, பிறகு பக்கங்கள், கடைசியில் சன்ஷேடு, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒருங்கே நனைந்து ஒன்றும் புலப்படாது. மாடியை நாலு பாகமாகக் களிமண் வரப்பால் பிரித்து, குழாய் வாயைச் சாக்குத் துணியால் அடைத்து, ஒரு பாகத்தில் மட்டும் இரண்டங்குலம் நீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் காணாவிட்டால் வடித்துவிட்டு அடுத்த பாகம். சொட்டு நீலம் கலப்பது உதவும். ஆனால் ஜல்லித்தளம் நிறத்தை வடிகட்டிவிடக்கூடுமாதலால், நீலம் வரவில்லை என்பதற்காக அந்தப் பாகத்தை நிரபராதியென்று விட்டுவிடலாகாது. முழு மாடியிலும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம். 1,000 சதுர அடியில் இரண்டங்குல நீர் நாலரை டன்னுக்கு மேல் கனக்கும். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இந்தப் பரீட்சையே கூடாது.

கண்டுபிடித்த நுழைவாய்க்கு இப்போது தார்ப்பாயும் அதன் ஓரங்களில் செங்கல் பாரமும் போதும். நிரந்தர வேலை மாசி, பங்குனியில், தளம் நன்றாகக் காய்ந்த பின். அப்போது வாட்டம் சரியாகக் குழாய் வாயை நோக்கியிருக்கிறதா என்று பார்த்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கால்வட்டமாகச் சாந்திட்டு வளைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் கூலி பேசும்போதே, வேலை முடிந்து ஒரு நாள் முழுவதும் நீர் கட்டிப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணை என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.