காற்றின் மேல் நிற்கும் பாரம்: பிரைம் மூவர் உரிமையாளர்களின் கவனத்திற்கு

குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்து நம் வியாபாரிகள் சிலர் லீசிங்கில் ஒரு பிரைம் மூவரை எடுத்து ட்ரெய்லர் ஓட்டுகின்றனர். சீனக்குடாவில் பிரிமா மாவாலையும் டோக்கியோ சிமெந்துத் தொழிற்சாலையும் இருக்கும்வரை திருமலையில் பாரம் ஏற்றும் தொழிலுக்கு இடமுண்டு. இவர்கள் டயரின் காற்றைத் தவறாமல் பார்ப்பார்கள். ஆனால் ட்ரெய்லரின் முன்பாரத்தைத் தாங்கும் காற்றுப் பையை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

ட்ரெய்லரின் அடியிலுள்ள கிங்பின் வந்து பூட்டிக்கொள்ளும் தட்டையே 'பிஃப்த் வீல்', அதாவது ஐந்தாம் சக்கரம் என்கிறோம். குதிரை வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கையாகப் பொருத்தப்பட்ட வளையத்திலிருந்து வந்த பெயர் இது. சில இணைப்புகளில் இந்தத் தட்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே இறப்பர் காற்றுப் பை இருக்கும். வேறு வாகனங்களில் பை பின் அச்சின் மேல் இருக்கும். எங்கிருந்தாலும் அதன் வேலை ஒன்றே: பள்ளத்தில் விழும் அடி கிங்பின்னுக்கும் சரக்குக்கும் போகாமல் தடுப்பது.

"எத்தனை பி.எஸ்.ஐ. அடிக்க வேண்டும்?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரே விடை கிடையாது. பைக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது மேலே இருக்கும் பாரம். சீமெந்து ஏற்றிய நாளில் ஓர் அளவு, வெறும் ட்ரெய்லருக்கு வேறோர் அளவு. எனவே பாரத்தை ஏற்றி, சமதரையில் நிறுத்தி, பை மேலும் கீழும் அசையக்கூடிய தூரத்தின் நடுவில் நிற்கும்படி காற்றடிக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த உச்ச அளவை ஒருபோதும் தாண்டக்கூடாது. காற்று கூடினால் பை மேலெல்லையில் முட்டி இரும்பு போல் இறுகும்; குறைந்தால் இரும்பு கீழே தடையில் உட்காரும். இரண்டிலும் மெத்தை இல்லை.

இங்கே கேஜ் நம்மை ஏமாற்றும். டயரைப் போலன்றி, பாரம் தாங்கும் பையில் காற்று மெல்லக் கசிந்தால் அழுத்தம் பெரிதாகக் குறையாது, பைதான் தாழும். தடையில் உட்கார்ந்த பிறகே முள் இறங்கும். ஆகவே கேஜுடன் ஓர் அளவுநாடாவும் வேண்டும். தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை மாலையில் அளந்து, காலையில் மீண்டும் அளந்தால் கசிவு தெரிந்துவிடும். வெயிலில் உயரம் சற்றுக் கூடும் என்பதால் இரு நாட்களை ஒப்பிடும்போது ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. கசியும் இடத்தைக் காண சவர்க்கார நீர் போதும். வால்வு, குழாய் மூட்டு, பையின் மடிப்பு ஆகியவற்றில் பூசினால் குமிழி எழும். உப்புக்காற்று படும் நம் கரையோரத்தில் மூட்டுகள் விரைவில் துருப்பிடிக்கும். மேலும் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பல வாகனங்கள் பழைய இறப்பருடனேயே ஆண்டுக்கணக்கில் ஓடின. மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் ஒட்டுப் போடாமல் பையையே மாற்றுங்கள்.

உயரத்தைத் தானே சரிசெய்யும் லெவலிங் வால்வு உள்ள வாகனங்களில் வேறொரு சிக்கல். பையில் கசியும் காற்றை கம்ப்ரஸர் ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. எயார் பிரேக்குக்குக் காற்றுக் கொடுப்பதும் அதே கம்ப்ரஸர்தான். பிரேக் தாங்கியில் வழக்கமாக 100 முதல் 125 பி.எஸ்.ஐ. வரை இருக்கும், ஏறத்தாழ 60க்கு இறங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும். பையின் கசிவு பிரேக்கைத் தொடாமலிருக்க இடையில் காப்பு வால்வு உண்டு. கராஜில் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். தாங்கியின் அடியில் தேங்கும் தண்ணீரைச் சாரதி நாள்தோறும் திறந்துவிட வேண்டும். இந்த ஒரு நிமிட வேலைக்குச் சோம்பல்படுவோர்தான் பின்னர் வால்வுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

பையில் காற்று நிற்கிறது என்று நம்பி எவரும் சட்டத்தின் அடியில் புகக்கூடாது. முட்டுக் கொடுத்த பின்னரே போக வேண்டும். ட்ரெய்லரைக் கழற்றும்போதும் பையின் காற்றை இறக்காவிட்டால், பாரம் நீங்கிய கணத்தில் சட்டம் துள்ளி எழும்.

பயணப் புத்தகத்தில் டீசலுக்கும் கிலோமீற்றருக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு கோடு போடுங்கள்: ஏற்றிய பாரம், பையின் உயரம். சாரதி மாறினாலும் புதியவர் அதைப் பார்த்து அடித்துக்கொள்வார்.