படுக்கையறையில் இரண்டாவது தொலைக்காட்சி

புதிய தொலைக்காட்சி ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வைத்து மின் இணைப்புக் கொடுத்தால் மட்டும் துணைக்கோள அலைவரிசைகள் அதில் தெரிந்துவிடா. வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குப் படம் எவ்வழியாக வருகிறது என்பதை அறிந்தால்தான் அவ்வழியை இன்னோர் அறைக்கும் நீட்டிக்க இயலும்.

மலேசியாவின் மீசாட் 1 துணைக்கோளம் 1996-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் அஸ்ட்ரோ தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. இத்தகைய துணைக்கோளம் நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் வலம் வருகிறது. பூமி ஒரு முறை சுழலும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிப்பதால், வானில் ஒரே இடத்தில் நிற்பது போல் நமக்குத் தோன்றுகிறது. அதனால்தான் கூரையில் உள்ள தட்டை ஒரே திசையில் நிலையாகப் பொருத்த முடிகிறது.

வானிலிருந்து வரும் மெல்லிய அலைகளைத் தட்டு ஒரு புள்ளியில் குவிக்கிறது. அப்புள்ளியில் இருக்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவி அலைகளை வலுப்படுத்தி, வடத்தில் செல்லத்தக்க குறைந்த அலைவெண்ணுக்கு மாற்றுகிறது. வடம் அவற்றை டிகோடர் பெட்டிக்குக் கொண்டு செல்கிறது. சந்தா செலுத்திய அலைவரிசைகளை மட்டும் டிகோடர் படமாக மாற்றித் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறது.

ஒரு வீட்டில் மூட்டுவலியால் நடமாட இயலாத பாட்டி இருக்கிறார் என்று கொள்வோம். அவருடைய அறையில் தொலைக்காட்சியை இணைக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, வரவேற்பறை டிகோடரிலிருந்து வெளிவரும் படத்தைப் பிரித்து அறைக்கும் அனுப்புவது. இதற்குச் செலவு குறைவு. ஆனால், இரு தொலைக்காட்சிகளிலும் ஒரே அலைவரிசைதான் தெரியும். வரவேற்பறையில் காற்பந்தாட்டத்திற்கு மாற்றினால், பாட்டி பார்த்துக்கொண்டிருந்த நாடகமும் மறைந்துவிடும். தொலைவியக்கியின் ஒளிக்கதிர் சுவரை ஊடுருவாது என்பதால், பாட்டியால் அலைவரிசையைத் தாமே மாற்றவும் இயலாது.

இரண்டாவது, அறைக்குத் தனி டிகோடர் வைப்பது. அப்போது பாட்டி தாம் விரும்பியதைப் பார்க்கலாம். எனினும், ஒரே வடத்தைச் சாதாரணப் பிரிப்பானால் இரண்டாக்குவது போதாது. டிகோடர் அலைகளைப் பெறுவதோடு, அதே வடத்தின் வழியாக எல்.என்.பி.-க்கு மின்னழுத்தத்தையும் அனுப்புகிறது. பொதுவாக, 13 வோல்ட் என்றால் செங்குத்தாக அதிரும் அலைகள். 18 வோல்ட் என்றால் கிடைமட்டமாக அதிரும் அலைகள். இரு டிகோடர்களும் ஒரே வடத்தில் வெவ்வேறு ஆணைகளை அனுப்பினால், ஏதேனும் ஒன்றில் சில அலைவரிசைகள் தெரியாமல் போகும். ஆகவே, இரண்டு வெளியீடுகள் கொண்ட எல்.என்.பி.-யும் ஒவ்வொரு டிகோடருக்கும் தனித்தனி வடமும் தேவை. கூடுதல் டிகோடருக்குக் கூடுதல் கட்டணமும் இருக்கலாம். எனவே, சேவை நிறுவனத்திடம் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. நல்ல இணையச் சேவை உள்ள வீடுகளில், நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பதும் வடம் இழுக்கும் வேலையைக் குறைக்கும்.

எந்த டிகோடராலும் தீராத குறை ஒன்றும் உண்டு. கனமழை துணைக்கோள அலைகளை வலுவிழக்கச் செய்வதால், இரு தொலைக்காட்சிகளிலும் ஒரே நேரத்தில் படம் நின்றுவிடலாம். அது பழுதன்று, மழை விட்டதும் படம் திரும்பும். அந்நேரத்தில் தட்டைத் திருப்ப எண்ணிக் கூரைமீது ஏறுவது உயிருக்கே ஆபத்தாகும். கூரை வேலையைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடமே விட வேண்டும்.

ஆகவே, பணம் செலவிடும் முன் குடும்பத்தினர் கூடிப் பேச வேண்டும். அறையில் இருப்பவர் மற்றவர்கள் பார்ப்பதையே பார்த்தால் போதுமா, தாமே தெரிவு செய்ய வேண்டுமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். அவர் கூறும் விடைக்கு ஏற்பவே இணைப்பும் செலவும் அமையும்.