பாலாற்றங்கரைச் சான்றுகளும் மேற்கோள் குறிப்பு முறையும்: பள்ளிகொண்டாப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆய்விதழ்களுக்கு அனுப்பப்படும் கட்டுரைகளில் மேற்கோள் குறிப்புகள் ஒரே சீராக அமைய வேண்டும் என்பது பொதுவிதி. நூல், கட்டுரை ஆகியவற்றுக்கு வகுக்கப்பட்ட முறைகளைக் கல்வெட்டு, மாவட்டக் கையேடு, நீதிமன்றத் தீர்ப்பு, வாய்மொழித் தகவல் ஆகியவற்றுக்கு அப்படியே பொருத்தும்போது சான்றின் அடையாளம் சிதைய வாய்ப்புண்டு. வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில் பாலாற்றங்கரையில் அமைந்த பள்ளிகொண்டாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மேற்கோள் குறிப்பு, கல்வெட்டு எண், சக ஆண்டு, பதிப்பு, தகவலாளர், பள்ளிகொண்டா.

முன்னுரை

மேற்கோள் குறிப்பின் முதன்மை நோக்கம், ஆய்வாளர் கண்ட சான்றைப் பிறிதொருவரும் கண்டு சரிபார்க்க வழிசெய்வதாகும். காற்புள்ளி, அடைப்புக்குறி, சாய்வெழுத்து ஆகியவை இந்நோக்கத்திற்குத் துணைநிற்பவை. ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ ஆகிய முறைகளுள் ஒன்றை இதழ்கள் வரையறுக்கின்றன. ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, வெளியீட்டாளர் ஆகிய கூறுகளே அவற்றின் அடிப்படை. கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டுக்கு நூலாசிரியர் போன்ற ஒருவர் இல்லை. ஒரே தீர்ப்பு பல தொகுப்புகளில் வெளிவரும். ஆதலின் ஒவ்வொரு சான்றிலும் மாறாத அடையாளம் எது, மாறும் அடையாளம் எது எனப் பிரித்தறிவது இன்றியமையாதது.

ஊர்ப்பெயரும் மாவட்டப் பெயரும்

பள்ளிகொண்டா, பள்ளிகொண்டான் என இவ்வூர்ப் பெயர் இருவகையாக எழுதப்படுகிறது. இது முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்டபோது வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் அமைந்தது. அதுவே பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர்பெற்றது. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. பள்ளிகொண்டா வேலூரில் நிற்க, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. படவேடு இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சார்ந்தது.

பழைய வெளியீடுகள் இவ்வூர்கள் அனைத்தையும் வட ஆர்க்காட்டின் கீழ்த் தருகின்றன. இற்றை மாவட்டப் பெயரை மட்டும் குறிப்பவர் பழைய அட்டவணைகளிலிருந்து வாசகரை விலக்குகிறார். பழைய பெயரை மட்டும் குறிப்பவர் களத்திற்குச் செல்பவரை விலக்குகிறார். ‘ஆம்பூர் (திருப்பத்தூர் மா.; பழைய வட ஆர்க்காடு மா.)’ என முதற்குறிப்பில் இரண்டையும் தருதல் தகும்.

கல்வெட்டுச் சான்று

இப்பகுதிக் கல்வெட்டாய்வுக்கு அடிப்படையானது 1890இல் ஈ. ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி. பள்ளிகொண்டாவுக்குக் கிழக்கே, அதே ஆற்றங்கரையிலுள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலின் கல்வெட்டொன்று அதில் 56ஆம் எண்ணாக இடம்பெறுகிறது. படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் திருமணத்தைக் கன்னிகாதானமாகவே நடத்துவதென்று செய்துகொண்ட உடன்படிக்கை அது; விசயநகர வேந்தர் தேவராயர் காலத்தது. சமூக வரலாற்றில் பெரிதும் பேசப்படும் இச்சான்றை ‘ஹுல்ஷ், 1890’ என்று மட்டும் குறித்தால், நூலின் ஆண்டு தெரியுமேயன்றிக் கல்வெட்டு இனங்காணப்படாது.

காலக்குறிப்பும் கருதத்தக்கது. சகம் 1347 கழிந்த விசுவாவசு ஆண்டு என்பது பொ.ஆ. 1425-26 ஆகும். ‘கழிந்த’ என்பதை விடுத்து அதனை நடப்பாண்டாகக் கொண்டால் 1424-25 எனப் பிழைபடும்; அவ்வாண்டுக்குரிய பெயர் குரோதி. அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரைக் குறிப்பில் தக்கவைத்தால் வாசகரே இப்பிழையைக் கண்டறிவார். மேலும், ஆண்டிறுதி மாதங்களான தை, மாசி, பங்குனியில் அமைந்த கல்வெட்டாயின் இரட்டை ஆண்டின் பிற்பகுதியே பொருந்தும். எனவே மூல ஆண்டை நீக்கிப் பொது ஆண்டை மட்டும் தருதல் கூடாது. பரிந்துரைக்கத்தக்க வடிவம் வருமாறு:

தெ.இ.க., தொ. 1, எண் 56, விரிஞ்சிபுரம், சகம் 1347 கழிந்த விசுவாவசு (பொ.ஆ. 1425-26).

கல்வெட்டு ஆண்டறிக்கை எண்ணிலும் குழப்பம் நேர்வதுண்டு. ‘எண்/ஆண்டு’ என்ற அவ்வடிவில் வரும் ஆண்டு, கல்வெட்டு படியெடுக்கப்பட்டதைச் சார்ந்தது; அது அரசனின் ஆட்சியாண்டோ அறிக்கை அச்சான ஆண்டோ அன்று. ஒரே கல்வெட்டு ஆண்டறிக்கையில் ஓர் எண்ணும், பின்னர் வெளிவந்த தொகுதியில் வேறோர் எண்ணும் பெறும். இரண்டையும் இணைத்துக் காட்டாத ஆய்வேட்டில் ஒரு கொடை இரண்டாக எண்ணப்படலாம். பள்ளிகொண்டா உத்தர ரங்கநாதர் கோயில் போன்ற ஒரு தலத்தின் கொடைகளை அட்டவணைப்படுத்துவோர்க்கு இது வடிவச் சிக்கலன்று. முடிவையே மாற்றும் சிக்கல்.

பதிப்பு வேறுபாடு

ஆர்தர் எஃப். காக்ஸ் எழுதிய வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு 1881இல் வெளிவந்தது. அதனை எச்.ஏ. ஸ்டூவர்ட் திருத்தி விரித்த பதிப்பு 1895இல் வந்தது. ‘காக்ஸ் (1895)’ என எழுதினால், திருத்தியவரின் சேர்க்கையும் முதலாசிரியர் கூற்றாகிவிடும். முதற்பதிப்பு ஆண்டு, திருத்தியவர் பெயர், பயன்கொண்ட பதிப்பின் ஆண்டு ஆகிய மூன்றும் வேண்டும். மீள்பதிப்பு ஆண்டை மட்டும் குறித்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்தி இக்காலச் செய்தியாகத் தோன்றும்.

நீதிமன்றத் தீர்ப்பு

தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாறு மாசுற்றது குறித்து எழுதுவோர், வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் 28.08.1996 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைச் சான்று காட்டுவர். அது ஏஐஆர் 1996 எஸ்.சி. 2715 எனவும், (1996) 5 எஸ்.சி.சி. 647 எனவும் வழங்குகிறது. இவை இரு தீர்ப்புகளல்ல; ஒரே தீர்ப்பு இரு தொகுப்புகளில் பெற்ற எண்கள். வழக்கின் பெயர், நீதிமன்றம், நாள் ஆகியவை மாறாத அடையாளங்கள். பக்க எண் தொகுப்புக்குத் தொகுப்பு வேறுபடுவதால், மேற்கோளுக்குத் தீர்ப்பின் பத்தி எண்ணைப் பயன்படுத்துவது நலம். பத்தி எண் எத்தொகுப்புக்குரியது என்பதையும் சுட்ட வேண்டும்.

வாய்மொழித் தகவல்

தகவலாளரின் பெயர், வயது, தொழில், ஊர் ஆகியவற்றைப் பின்னிணைப்பாகத் தருவது தமிழ் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளில் நிலைபெற்ற மரபு. பாடலையோ கதையையோ வழங்கிய கலைஞருக்கு அது உரிய மதிப்பாகும். தோல் ஆலைத் தொழிலாளி தம் கூலி, நோய், பணியிட நிலை பற்றிக் கூறியதற்கு அம்மரபைப் பொருத்துவது தீங்கு விளைவிக்கலாம். சிற்றூரில் பெயரை மறைத்தாலும் வயது, தெரு, செய்யும் வேலை ஆகிய மூன்றுமே ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமானவை. ‘தகவலாளர் 4, ஆண், தோல் ஆலைத் தொழிலாளி, பள்ளிகொண்டா வட்டாரம், நேர்காணல் 2023’ என்ற அளவில் குறித்து, முழு விவரத்தை ஆய்வாளரிடத்தும் நெறியாளரிடத்தும் பாதுகாத்தல் தகும். சான்றைச் சரிபார்க்கும் உரிமையினும் சான்று தந்தவரின் பாதுகாப்பு இங்கு முற்பட்டது.

தமிழ்ப் பெயர்களும் சுருக்கக் குறியீடுகளும்

தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து முன்னும் இயற்பெயர் பின்னும் நிற்பதால் ‘சாமிநாதையர், உ.வே.’ என்ற அமைப்பு இடர் தருவதில்லை. ஆங்கிலத்தில் தலைப்பெழுத்தை விரித்து எழுதும்போது தந்தை பெயர் குடும்பப் பெயராகி, ஒருவரே இருவராகத் தோன்றும் நிலை ஏற்படுகிறது. ‘மேலது’ என்னும் குறியீடு, மதிப்பீட்டாளர் கருத்துக்கேற்பப் பத்திகள் இடம்மாறும்போது வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கும். அதற்கு மாற்றாக ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் தருவது பாதுகாப்பானது.

முடிவுரை

1. கல்வெட்டுக்குத் தொகுதி, எண், ஊர், மூல ஆண்டு ஆகியவை மாறாத அடையாளங்கள். மாவட்டமும் பொது ஆண்டும் உடன் தரவேண்டியவை.

2. ஒரே கல்வெட்டுக்குரிய பல எண்களை ஓரிடத்தில் இணைத்துக் காட்டுவது இரட்டை எண்ணிக்கையைத் தவிர்க்கும்.

3. கையேடுகளுக்குத் திருத்தியவரையும் இரு பதிப்பாண்டுகளையும், தீர்ப்புகளுக்கு நாளையும் பத்தி எண்ணையும் குறித்தல் வேண்டும்.

4. தகவலாளர் பட்டியலை அவர்தம் பாதுகாப்புக் கருதி இருவகைப்படுத்த வேண்டும்.

இதழின் வடிவவிதி இக்கூறுகளுக்கு இடந்தராவிடத்து, கூறுகளை விடுக்காமல் அடிக்குறிப்பில் சேர்ப்பதே நெறி. தமிழியல் இதழ்கள் தத்தம் நெறிமுறைகளில் கல்வெட்டுக்கும் வாய்மொழிக்கும் தனிப்பிரிவு வகுப்பின், இச்சுமை ஒவ்வோர் ஆய்வாளர் மீதும் தனித்தனியே விழாது.